தூங்காத டாங்க் படையும் தூங்க வேண்டிய தம்பிகளும்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. விஷயம், இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனியோட 21வது பான்சர் டிவிஷன். பான்சர்னா டாங்க் படை. திருத்தணியில ஓபி பார்க்கற ஒரு எம்பிபிஎஸ் டாக்டருக்கு டாங்க் கதை எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. கோபமும் இருக்கு.

2/
சமீபத்துல ஒரு நைட் டூட்டி. ராத்திரி ரெண்டரை மணி. பள்ளிப்பட்டு பக்கம் தறி ஓட்டற ஒருத்தர், பைக்ல நடுவுல மகனை உட்கார வச்சு, பின்னாடி மச்சானைப் பிடிச்சுக்கச் சொல்லி ஓட்டிட்டு வந்தார். பையனுக்கு 19 வயசு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், சட்டை முழுக்க வேர்வை. பல்ஸ் 148. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
ஈசிஜியில துடிப்போட ஒழுங்கு சரியா இருந்துச்சு. வேகம்தான் தப்பு. "என்ன சாப்பிட்ட தம்பி?" "ஒண்ணுமில்ல சார்." அப்பாவை டீ குடிக்க அனுப்பிட்டு மறுபடி கேட்டேன். மூணு நாளா தூங்கல. எனர்ஜி டிரிங்க் கணக்கே இல்ல. போதாததுக்கு, கூடப் படிக்கிறவன் கொடுத்த பேர் தெரியாத மாத்திரை ரெண்டு. "தூக்கம் வராதுன்னு சொன்னான் சார்."

4/
ஏன்டா இப்படின்னு கேட்டேன். போனைத் திறந்து ஒரு ஃபார்வர்டைக் காட்டினான். புழுதி கிளப்பிட்டு வர்ற டாங்க் படம். கீழ தமிழ்ல ஒரு 'மோட்டிவேஷன்'. பிரான்ஸ்ல மூணு நாள் தூங்காம ஓடி ஜெயிச்ச பான்சர் படையாம். பாலைவனத்துல தோல்வியே காணாத 21வது பான்சர் டிவிஷனாம். அவங்களுக்கு இருந்த மன உறுதி உனக்கு ஏன் இல்லன்னு கேள்வி. அதுதான் அவனோட வால்பேப்பர்.

5/
அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. இதை எழுதினவன் மேலயும், யோசிக்காம குரூப் குரூப்பா அனுப்பற வாத்தியார், மாமா, அண்ணன்கள் மேலயும்தான் கோபம். அந்த நாலு வரியில மூணு பொய் இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துப் போடறேன்.

6/
பொய் ஒண்ணு: "மன உறுதியால தூங்காம ஓடினாங்க."

இல்லைங்க. மாத்திரையால ஓடினாங்க. பேரு பெர்விட்டின். உள்ள இருந்தது மெத்தாம்ஃபெட்டமின். இன்னைக்கு 'மெத்'னு போலீஸ் பிடிக்கறாங்களே, அதே சரக்கு. டெம்லர்னு ஒரு ஜெர்மன் மருந்து கம்பெனி 1938-ல கடைக்குக் கொண்டு வந்துச்சு. ஒரு மாத்திரையில 3 மில்லிகிராம்.

7/
ராணுவ மருத்துவ அகாடமியில ஓட்டோ ராங்கேன்னு ஒரு உடலியல் நிபுணர். டாக்டர். என் தொழில்காரர். சிப்பாய் களைப்பைப் போக்க இது உதவும்னு பரிந்துரைச்சதே அவர்தான். 1940 ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள ஜெர்மன் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போன மாத்திரை மூணரைக் கோடிக்கும் மேல. பிரான்ஸ் விழுந்தது அந்த மே, ஜூன்லதான். சிப்பாய்ங்களே இதுக்கு 'டாங்க் சாக்லேட்'னு பட்டப்பேர் வச்சிருந்தாங்க.

8/
இந்த மருந்து உடம்புல புது சக்தி எதையும் உண்டாக்காது. இருக்கற டோபமினையும் நார்அட்ரினலினையும் ஒரேயடியா திறந்து விடும். பசி தெரியாது, தூக்கம் தெரியாது, பயமும் குறையும். ஆனா தூக்கக் கடன் அப்படியே நிக்கும். நம்ம ஊர் கந்துவட்டி மாதிரி. வசூலுக்கு வர்றப்போ படபடப்பு, எரிச்சல், சந்தேகம், இல்லாத சத்தம் கேட்கறது, சிலருக்கு இதயமே கோளாறாகறது.

9/
இதை ஜெர்மன்காரனே புரிஞ்சுக்கிட்டான். 1941 ஜூலையில பெர்விட்டினை அபின் சட்டத்துக்குக் கீழ கொண்டு வந்து கட்டுப்பாடு போட்டாங்க. ராணுவத்துல அப்புறமும் ஓடுச்சுங்கறது வேற கதை. ஹிட்லர் அரசாங்கமே ஆபத்துன்னு ஒத்துக்கிட்ட விஷயத்தை, நம்ம ஊர் மோட்டிவேஷன் அண்ணன் 'மன உறுதி'ன்னு விக்கறார்.

10/
நியாயமா இன்னொண்ணும் சொல்லிடறேன். பிரிட்டிஷ்காரனும் சுத்தமில்ல. அவனும் தன் ஆளுங்களுக்கு பென்சிட்ரின்னு இதே குடும்பத்து மாத்திரையைக் கொடுத்தான். ரெண்டு பக்கமும் மனுஷ உடம்பை டீசல் எஞ்சினா நினைச்சாங்க. ஆனா இந்தக் கதையை வச்சு நம்ம பசங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கல. பான்சரை வச்சுதான் எடுக்கறாங்க.

11/
பொய் ரெண்டு: "தோல்வியே காணாத 21வது பான்சர் டிவிஷன்."

இதைப் படிச்சு சிரிப்பு வந்துச்சு. அந்த டிவிஷனோட கதையைச் சுருக்கமா சொல்றேன். கூடவே நம்ம ஆளுங்க எங்க எங்க வர்றாங்கன்னு கவனிங்க. பாடப்புத்தகத்துல இதெல்லாம் வராது.

12/
1941 பிப்ரவரியில ரொம்மல் லிபியாவுக்கு வந்து இறங்கினார். கூட வந்த முதல் ஜெர்மன் டிவிஷனுக்குப் பேரு 5வது லைட் டிவிஷன். அதுக்குத்தான் அதே வருஷம் ஆகஸ்ட்ல 21வது பான்சர்னு பேர் மாத்தினாங்க.

13/
1941 ஏப்ரல். மெகிலின்னு பாலைவனத்துல ஒரு பழைய கோட்டை. அங்க மாட்டினது 3வது இந்திய மோட்டார் பிரிகேட். கையில ஒரு டாங்க் கிடையாது. லாரியும் துப்பாக்கியும்தான். சரணடையச் சொல்லி ஜெர்மன் பக்கத்துல இருந்து தூது வந்துச்சு, மறுத்தாங்க. கடைசியில வளையத்தை உடைச்சிட்டு ஒரு பகுதி தப்பிச்சது, மீதிப் பேர் பிடிபட்டாங்க. அவங்க தாமதப்படுத்திக் கொடுத்த நேரத்துலதான் ஆஸ்திரேலியப் படை டோப்ருக் கோட்டைக்குள்ள போய்ச் சேர்ந்துச்சு. அந்த டோப்ருக்கை அந்த வருஷம் முழுக்க ரொம்மலால பிடிக்க முடியல.

14/
1941 நவம்பர் 25. எகிப்து எல்லையில சிடி ஓமர். அரண்ல உட்கார்ந்திருந்தது 4வது இந்திய டிவிஷனோட 7வது பிரிகேட். 21வது பான்சரோட டாங்க் ரெஜிமென்ட் மோதுச்சு. இந்திய டிவிஷன் கூட இருந்த பிரிட்டிஷ் பீரங்கிக்காரங்க கிட்ட வர விட்டு அடிச்சாங்க. நிறைய டாங்க் அங்கேயே நின்னு போச்சு. நாலு நாள் கழிச்சு, 'தோல்வியே காணாத' டிவிஷனோட தளபதி ஃபான் ராவென்ஸ்டைன் நியூசிலாந்துக்காரங்க கையில கைதி.

15/
நம்ம பக்கம் தோத்ததையும் மறைக்க மாட்டேன். 1942 ஜூன்ல டோப்ருக் விழுந்தப்போ, ஜெர்மன்காரங்க உடைச்சு நுழைஞ்சது 11வது இந்தியப் பிரிகேட் நின்ன இடத்துலதான். சுமார் 33,000 பேர் கைதியானாங்க. அந்த நாள் ரொம்மலோட நாள். இல்லைன்னு சொல்லல.

16/
ஆனா பத்தே நாள் கழிச்சு, 1942 ஜூலை 1. அலமைன் பக்கத்துல டேர் எல் ஷெய்ன். ஈராக்ல இருந்து அப்போதான் வந்து சேர்ந்த 18வது இந்தியப் பிரிகேட். ஆப்பிரிக்கா கோர்னு சொல்லப்பட்ட 15வது, 21வது பான்சர் டிவிஷன்கள் கையில அன்னைக்கு மிச்சம் இருந்த டாங்க் 55. சாயங்காலத்துக்குள்ள அதுல 18 போச்சு. நம்ம பிரிகேடும் அழிஞ்சு போச்சு. ஆனா ஒரு முழு நாள் போச்சு. கெய்ரோவுக்குப் போக ரொம்மல் கிட்ட இல்லாதது அந்த ஒரு நாள்தான்.

17/
ஆகஸ்ட் கடைசியில ஆலம் ஹல்ஃபா சண்டை. 21வது பான்சரோட அப்போதைய தளபதி ஃபான் பிஸ்மார்க் அதுல செத்தார். பெட்ரோல் பத்தல. அக்டோபர் 23-ல அலமைன் பெரிய சண்டை ஆரம்பிச்சப்போ ரொம்மல் எங்க இருந்தார் தெரியுமா? மெடிக்கல் லீவுல, ஐரோப்பாவுல. அவருக்குப் பதிலா இருந்த ஜெனரல் ஷ்டும்மே, சண்டையோட ரெண்டாம் நாளே மாரடைப்புல போயிட்டார்.

18/
ஒரு டாக்டரா இது எனக்கு ரொம்ப முக்கியமான இடம். அந்தப் பாலைவனத்துல ஜெர்மன் படையைக் குண்டு மட்டும் சாய்க்கல. வயித்துக்கடுப்பும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து சாய்ச்சுது. கழிப்பிடம் தோண்டறது, ஈ ஓட்டறது, தண்ணி சுத்தம் பண்றது, இதுல எல்லாம் அவங்க மோசம். எதிர்ப்பக்கம் அதை ஒழுங்காச் செஞ்சுது. டாங்க்கோட மாடல் நம்பர் மனப்பாடமா தெரிஞ்ச நம்ம பசங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? கக்கூஸைப் பத்தி யாரும் மோட்டிவேஷன் வீடியோ போட மாட்டாங்க.

19/
1943 மே, டுனீசியா. ஆப்பிரிக்காவுல இருந்த ஜெர்மன், இத்தாலியப் படைகள் மொத்தமா சரண். 2 லட்சத்துக்கும் மேல கைதிகள். 21வது பான்சரும் அதோட அங்க முடிஞ்சுது. மே 12-ல தலைமைத் தளபதி ஃபான் ஆர்னிம் பிடிபட்டது யார் கையில? அதே 4வது இந்திய டிவிஷன் கையில.

20/
பிரான்ஸ்ல அதே பேர்ல புது டிவிஷனை உருவாக்கினாங்க. 1944 ஜூன் 6, நார்மண்டியில எதிரி கரையேறின அன்னைக்குக் கிட்டத்துல இருந்த ஒரே பான்சர் டிவிஷன் அதுதான். ஒரு பகுதி சாயங்காலம் கடற்கரை வரைக்கும் போய், திரும்பி வந்துடுச்சு. 1945-ல ஜெர்மனியோட சேர்ந்து அதுவும் காலி. 'தோல்வியே காணாத' டிவிஷனோட வரலாறு இவ்வளவுதான். ரெண்டு தடவை பிறந்து ரெண்டு தடவை அழிஞ்சது.

21/
பொய் மூணு. இது எழுத்துல இல்ல, படத்துக்குப் பின்னாடி இருக்கு: "இது வெறும் வீரக் கதை, அரசியல் இல்ல."

1942-ல ரொம்மல் படைக்குப் பின்னாடி போறதுக்காக வால்டர் ரௌஃப்னு ஒரு எஸ்.எஸ். அதிகாரி தலைமையில ஒரு கொலைப் படை ஏதென்ஸ்ல தயாரா உட்கார்ந்திருந்துச்சு. டாங்க் எகிப்தைத் தாண்டி பாலஸ்தீனத்துக்குப் போனா, அங்க இருக்கற யூதர்களை முடிக்கறது அவங்க வேலை. போக முடியாததுக்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் இல்ல. அலமைன்ல வழி அடைச்சதுதான். அந்த வழியை அடைச்சு நின்னவங்கள்ல டேர் எல் ஷெய்ன்ல அழிஞ்ச 18வது இந்தியப் பிரிகேடும் ஒண்ணு.

22/
இப்போ கமென்ட்ல ஒருத்தர் வருவார்: "டாக்டர், பிரிட்டிஷ்காரன் மட்டும் யோக்கியமா? 1943-ல வங்காளத்துல பஞ்சத்துல சாக விட்டானே? நேதாஜியே ஜெர்மனிக்குத்தானே போனார்?"

சரியான கேள்வி. பிரிட்டிஷ்காரன் யோக்கியன்னு நான் சொல்லவே இல்ல. நம்மைக் கேட்காமலேயே நம்மை இந்தப் போர்ல இழுத்துவிட்டான். 25 லட்சம் பேர் போனாங்க. ஏறக்குறைய 87,000 பேர் திரும்பி வரல. பாதிப் பேர் வயித்துக்காகப் போனவங்க.

23/
நேதாஜி போனார், உண்மை. அடிமைத்தனத்தை ஒழிக்க எந்தக் கதவையும் தட்டத் தயாரா இருந்த மனுஷன் அவர். அந்தக் கதவுக்குப் பின்னாடி இருந்தவன் யாருன்னும் தெரிஞ்சுக்கோங்க. காந்தியைச் சுட்டுத் தள்ளுங்கன்னு 1937-லயே பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ்கிட்ட யோசனை சொன்னவன் ஹிட்லர். தன் புத்தகத்துல நம்ம விடுதலைப் போராட்டத்தைக் கேலி பண்ணவன். நம்ம நிறத்தைப் பார்த்து நமக்கு அவன் போட்டு வச்ச இடம் என்னன்னு, டாங்க் வால்பேப்பர் வச்சிருக்கற தம்பி ஒரு தடவை யோசிக்கணும்.

24/
சரி, வீரம்தான் வேணுமா? நான் ஒரு பேர் தர்றேன். சுபேதார் சுப்பிரமணியன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஆள், நம்ம பக்கத்துக்காரர். மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படை. 4வது இந்திய டிவிஷன் கூட பாலைவனத்துல இருந்தவங்க இந்தப் படையோட கம்பெனிகள். பாலம் கட்டறது, ரோடு போடறது, கண்ணிவெடி எடுக்கறது அவங்க வேலை. அந்தப் படைக்காரங்களுக்கு ராணுவத்துல இன்னைக்கும் செல்லப்பேர் என்ன தெரியுமா? 'தம்பி'.

25/
அலமைன்ல மட்டும் ஜெர்மன், இத்தாலியப் படைகள் புதைச்ச கண்ணிவெடி 4 லட்சத்துக்கும் மேல. டாங்க் போகணும்னா முன்னாடி ஒருத்தன் மண்டி போட்டு, துப்பாக்கி முனைக் கத்தியால மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து வழி எடுக்கணும். இந்த வேலையைத் தூங்காம, மாத்திரை போட்டு, கை நடுக்கத்தோட செய்ய முடியுமா? ஒரு தடவை கை நடுங்கினா ஆளே இல்ல.

26/
1944 பிப்ரவரி 24, இத்தாலியில மின்யானோ பக்கம். கண்ணிவெடி எடுக்கற வேலை நடக்குது. கூட வந்த ஒருத்தர் கால் பட்டு ஒரு வெடி தூண்டப்பட்டுடுச்சு. அது வெடிக்க சில நொடிதான்னு சுப்பிரமணியனுக்குத் தெரியும். ஓடி ஒளிய அவருக்கு நேரம் இருந்துச்சு. ஓடல. வெடி மேல தானே விழுந்து மூடினார். கூட இருந்தவங்க பிழைச்சாங்க. அவர் போயிட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தாங்க. விக்டோரியா கிராஸுக்குச் சமமா வைக்கற விருது.

27/
ரொம்மல் பேர் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? சுப்பிரமணியன் பேர் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? எனக்கே தெரியாதுங்க. பன்னிரண்டாவது படிக்கறப்போ என் நோட்டு அட்டையில நான் வரைஞ்சது டைகர் டாங்க். திருத்தணியில இருந்து சென்னைக்கு ரயில்ல போறப்போ எல்லாம் ஆவடி தாண்டும். இந்தியாவோட டாங்க் ஃபேக்டரி இருக்கற ஊர். அப்போகூட என் மனசுல ஓடினது ஜெர்மன் டாங்க்தான். அதனாலதான் அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரல.

28/
இன்னொரு காரணமும் இருக்கு. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில 36 மணி நேர டூட்டியோட கடைசியில, ஒரு குழந்தைக்கு மருந்து அளவு எழுதறப்போ புள்ளியை இடம் மாத்தி வச்சிட்டேன். பத்து மடங்கு. சிஸ்டர் ஒருத்தங்க கேஸ் ஷீட்டைத் திருப்பி நீட்டி, "டாக்டர், இதை இன்னொரு தடவை பாருங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அந்தக் குழந்தை நல்லா வீட்டுக்குப் போச்சு. எனக்கு இன்னைக்கும் அந்தப் புள்ளி கனவுல வரும்.

29/
அதுவரைக்கும் நானும் 'தூங்காம உழைக்கறேன்'னு ஸ்டேட்டஸ் போட்டவன்தான். தூங்காத டாக்டர் ஆபத்தான டாக்டர். தூங்காத டிரைவரும் அப்படித்தான். படிக்கற பையனுக்கோ, பகல்ல படிச்சதை மூளை பதிய வைக்கறதே தூக்கத்துலதான். மூணு நாள் தூங்காம படிச்சா மூணு நாள் படிப்பும் ஓட்டைக் குடத்துல ஊத்தின தண்ணி.

30/
எங்க ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. கந்த சஷ்டிக்கு மத்த முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில நடக்காது. சண்டை எல்லாம் முடிஞ்சு சாமி கோபம் தணிஞ்சு உட்கார்ந்த மலை இது, அதனாலதான் தணிகைன்னு பெரியவங்க சொல்வாங்க. அன்னைக்கு இங்க பூவால அர்ச்சனை. போர்க்கடவுளுக்கே ஓய்வு உண்டுன்னு சொல்ற ஊர்ல, 19 வயசுப் பையனுக்கு ஓய்வு கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?

31/
இனி கேட்டுக்கறது.
மோட்டிவேஷன் பேஜ் நடத்தறவங்களுக்கு: மெத்தாம்ஃபெட்டமினை மன உறுதின்னு விக்காதீங்க.
வாத்தியார்களுக்கு: எத்தனை மணி வரைக்கும் முழிச்சிருந்தேன்னு பெருமையா கேட்கறதை நிறுத்துங்க.
பெத்தவங்களுக்கு: விடிய விடிய லைட் எரிஞ்சா சந்தோஷப்படாதீங்க, போய்க் கதவைத் தட்டுங்க.

32/
தம்பி, தங்கச்சிகளுக்கு: பேர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. வாங்கிப் போட்டுட்டீங்களா? படபடப்பு, நெஞ்சு வலி, நடுக்கம் வந்தா உடனே கிட்டத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, வண்டிக்கு 108. என்ன சாப்பிட்டீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க. நாங்க திட்டினாலும் காப்பாத்தித்தான் அனுப்புவோம். மனசு தாங்கலைன்னா 14416-க்கு போன் பண்ணுங்க, இலவசம்.

33/
அந்தப் பையனுக்கு ட்ரிப்ஸ் போட்டு, படபடப்பு அடங்க மருந்து கொடுத்து, மானிட்டர்ல வச்சோம். நாலு மணிக்கு பல்ஸ் 110. அஞ்சரைக்கு 92. அப்போ தூங்கினவன், காலையில நான் டூட்டி முடிச்சுக் கிளம்பறப்போவும் தூங்கிட்டுதான் இருந்தான். அப்பா பக்கத்துல உட்கார்ந்து துண்டால ஈ ஓட்டிட்டு இருந்தார். "எழுப்பட்டுமா சார், கிளாஸுக்கு நேரமாச்சு"ன்னு கேட்டார்.

வேண்டாம்னே, தூங்கட்டும்னேன்.